மேலச்சோணைபட்டி நூலகம் ஏலம் போன வரலாறு

மதுரை மஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கும் பத்மாசினி டீச்சருக்கு உலகத்தில் எதிரி என்று யாரும் கிடையாது, ஒரு பீரோவைத் தவிர.

பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு பீரோ அது. மாற்றல் உத்தரவு வாங்கிக்கொண்டு எந்தப் பள்ளிக்குப் போனாலும், அவருக்கு முன்பாகவே அது அங்கே போய்ச் சேர்ந்து, தலைமையாசிரியர் அறை மூலையில் விறைப்பாக நின்றுகொண்டிருக்கும். உள்ளே கதைப் புத்தகங்கள். பிள்ளைகளுக்கென்றே அச்சிட்டு, பிள்ளைகளுக்கென்றே படம் போட்டு, பிள்ளைகளுக்கென்றே அனுப்பப்பட்டவை. பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடும் என்பதால் பிள்ளைகளிடமிருந்து பத்திரமாகக் காப்பாற்றப்பட்டு வருபவை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முயல் பல வருடமாக ஒரே அட்டைப்படத்தில் குதிக்கப்போகிற நிலையிலேயே நின்றது. அது குதித்ததா இல்லையா என்பதை அறிந்தவர் எவருமில்லை.

இந்த விஷயத்தில் டீச்சருக்குச் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அவர் பிறந்தது சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிர வீட்டில். வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசல் தாண்டினால் தமிழ் என்று வளர்ந்த சிறுமிக்கு வாசிக்கக் கிடைத்ததெல்லாம் கடலையும் புளியும் கட்டி வந்த காகிதங்கள்தான். பொட்டலக் காகிதத்துக்குக் கதை எங்கே முடிகிறது என்ற அக்கறை கிடையாது. கடலை எங்கே முடிகிறதோ அங்கே அதுவும் முடிந்துவிடும். ஆகவே அவர் அரைக் கதைகளாகவே படித்து ஆளானார். கோட்டை உச்சியில் அடைக்கப்பட்ட ஓர் இளவரசியை மீட்டது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தன்னிடம் படிக்கிற பிள்ளைகளாவது முழுக் கதை படிக்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். ஒவ்வொரு பள்ளியிலும் அந்த வைராக்கியம் பீரோக் கதவில் முட்டி, நெற்றி வீங்கித் திரும்பி வந்தது.

கடைசியாக அவர் வந்து சேர்ந்த இடம் மேலச்சோணைபட்டித் தொடக்கப்பள்ளி. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, இறங்கி, அழகுராஜாவின் ஷேர் ஆட்டோவில் கீழக்குயில்குடியைத் தாண்டிப் போனால், சமணர் மலை முதுகு காட்டுகிற இடத்தில் வரும் ஊர். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறை. இரண்டுக்கும் ஒரே டீச்சர்.

அங்கே தலைமையாசிரியர் உக்கிரபாண்டி சார். பெயரில் இருந்த உக்கிரம் பெயரோடு நின்றுவிட்டது. மனிதர் மூன்றே விஷயங்களுக்குத்தான் பயப்படுவார்: தணிக்கை, தணிக்கைக்கு வருகிறவர், வருவேன் என்று சொல்லிவிட்டு இன்னும் வராதவர். பீரோச் சாவியைப் பூணூல் மாதிரி ஒரு கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் குறுக்காகப் போட்டிருந்தார்.

ஆனி மாதம் ஒரு காலையில் பத்மாசினி டீச்சர் அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், வகுப்புலயே ஒரு லைப்ரரி வைக்கலாம்னு இருக்கேன். பீரோ சாவி வேணும்."

"கிழிஞ்சா?"

"ஒட்டிக்கலாம் சார்."

"தொலைஞ்சா?"

"தேடிக்கலாம் சார்."

"ஆடிட்ல கேட்டா?"

"பிள்ளைங்க படிச்சுட்டாங்கன்னு சொல்லலாம் சார்."

உக்கிரபாண்டி சார் மேஜைமேல் இருந்த ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல பதில்தான். ஆனா அதை எழுதுறதுக்கு ரெஜிஸ்டர்ல கட்டமே இல்லையே டீச்சர்."

டீச்சர் நகரவில்லை. சத்துணவுச் சமையல் பாண்டியம்மாள் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள், டீச்சர் பக்கம் ஒரு ஆள் பலத்துக்காக. சார் கயிற்றைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்:

"சரி. ஆடி கடைசி வெள்ளி வரைக்கும் டைம் தாரேன். ஒரு தாள் கிழிஞ்சாலும் சரி, பிள்ளைக எடுத்துப் படிக்காம சும்மா கெடந்தாலும் சரி, அம்புட்டும் பீரோவுக்குள்ள போயிரணும். அதுக்கப்புறம் நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் நீங்க சாவிங்கிற பேச்சையே எடுக்கப்படாது."

"சரி சார்" என்றார் டீச்சர். சார் மனசு மாறுமுன் சாவியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ராத்திரிச் சோற்றில் ரசத்துக்குப் பதில் மோரை ஊற்றி, அதன்மேல் ரசத்தையும் ஊற்றினார். அவர் கணவர் ஸ்ரீனிவாஸ், சுங்குடி மொத்த வியாபாரி, அதை அப்படியே சாப்பிட்டுவிட்டு, சாயம் பிசகிப்போன சேலைகளைக் கடை மூலையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். கத்தரிப்பூ நிறத்திலும் கிளிப்பச்சையிலும் புள்ளி புள்ளியாகத் திண்டுகளும் மறைப்புகளும் தயாராயின. தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேடுகளை அடுக்கி, கம்பியால் கட்டியதில் அலமாரி வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் துணி கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டார், அட்டைப்படம் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கிற மாதிரி. அந்த முயல் முதல் வரிசையில் இடம் பிடித்தது.

அழகுராஜா சும்மா இருப்பானா? அவனுடைய பழைய ஆட்டோவின் பின்சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

"டீச்சரம்மா, இதுல சாஞ்சுக்கிட்டு படிச்சா திருமங்கலம் வரைக்கும் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கு மட்டும் ஒரு ஓரத்துல குத்தும். அங்கன குண்டுப் பிள்ளையா பாத்து உக்கார வைங்க, அமுங்கிரும்."

சிவப்பு ரெக்சின் சீட்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்ததும் அறைக்கு ஒரு ராஜ களை வந்துவிட்டது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இப்படி ஒரு நூலகம் இருக்குமா என்று டீச்சர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, இருக்காது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

இதுவரை எல்லாம் சரி. தப்பு நடந்தது திறப்பு விழாவில்.

நம் பக்கத்தில் எதையும் சும்மா திறந்துவிட முடியாது. போர்வெல் மோட்டாராக இருந்தாலும் மிக்சியாக இருந்தாலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினால்தான் அது வேலை செய்யும் என்பது எஞ்சினியர்களே ஒப்புக்கொண்ட உண்மை. டீச்சர் ஆசையில் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டார். ஆடி பிறக்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து, வாசலுக்கு வாழைக்கன்று கட்டினார். மாவிலைத் தோரணம் போட்டார். கிரேடு ஒவ்வொன்றுக்கும் பொட்டு. ஆட்டோ சீட்டுக்குப் பெரிய பொட்டு. அழகுராஜா தேங்காய் உடைத்தான், பழக்கதோஷத்தில் சீட்டுக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, "ம்... ஏத்துங்க" என்றான். ஏற்றுவதற்கு அது ஓடுகிற வண்டியில்லை என்று சொன்னதும் பழத்தைக் காலால் நசுக்கிவிட்டு நகர்ந்தான். டீச்சர் சூடம் காட்டினார். அந்த நேரம் பார்த்துப் பாண்டியம்மாள் வாய்மேல் கை குவித்து ஒரு குலவை போட்டாளே பார்க்கலாம்! பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

குலவை விழுந்த பிறகு எதுவும் பழையபடி இருக்காது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். நூலகத்தைப் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எடுங்க கண்ணுகளா, எடுத்துப் படிங்க" என்றார் டீச்சர்.

ஐந்தாம் வகுப்பு முனீஸ்வரி, வகுப்பின் அறிவிக்கப்படாத தலைவி, எழுந்து நின்றாள். "டீச்சர், நாங்க காலைல கறிக்கொழம்பு சாப்ட்டோம்."

"அதுனால என்ன?"

"கறி சாப்ட்டுச் சாமிய எப்படி டீச்சர் தொடுறது?"

"அது சாமி இல்லடி, புஸ்தகம்."

"குலவை போட்டாகல்ல?" என்றாள் முனீஸ்வரி. இதற்கு மேல் ஆதாரம் என்ன வேண்டும் என்கிற குரல்.

அடுத்த நாட்களில் நூலகம் நாளொரு மேனியும் பொழுதொரு மாலையுமாக வளர்ந்தது. காலையில் பார்த்தால் முயலின் காதில் செம்பருத்திப் பூ இருக்கும். பாண்டியம்மாள் சத்துணவு முட்டையில் முதல் முட்டையைக் கிரேடுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறினாள். நான்காம் வகுப்பு விருமாண்டிக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வராது. அவன் வாய்ப்பாடு வந்தால் மொட்டை போடுவதாக ஒரு புத்தகத்திடம் வேண்டிக்கொண்டான். வாய்ப்பாடு வரவில்லை, ஆனாலும் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான், அட்வான்சாக. ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் புத்தகக் கயிற்றில் சின்னத் தொட்டில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள். ஆட்டோ சீட்டில் ஒரு குண்டி படவில்லை. எல்லோரும் அதைச் சுற்றி வந்தார்கள்.

டீச்சர் கெஞ்சினார், மிரட்டினார். தானே ஒரு புத்தகத்தை எடுத்து உரக்க வாசித்துக் காட்டினார். பிள்ளைகள் கைகட்டி, கண்மூடி, பக்தியாகக் கேட்டார்கள். முடிந்ததும் "திருநீறு டீச்சர்?" என்று ஒருவன் கை நீட்டினான். பஸ்ஸில் திரும்பி வரும்போது டீச்சருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பீரோவிலாவது புத்தகம் கைதியாக இருந்தது. கைதிக்கு விடுதலை உண்டு. சாமிக்கு ஏது?

ஆடி பாதியில் உக்கிரபாண்டி சார் சும்மா எட்டிப் பார்க்க வந்தார். வந்தவர் மெய்ம்மறந்தார். ஒரு தாள் மடங்கவில்லை. ஒரு மூலை நசுங்கவில்லை. சூடமும் பூவும் மணக்க, வைத்த புத்தகம் வைத்த இடத்தில்.

"டீச்சர்! இம்புட்டு ஒழுக்கமான லைப்ரரிய நான் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல!" பிறகு மெதுவாக, வருத்தத்தோடு, "ஆனா யாரும் படிக்கலையே. சும்மா கெடக்குறது பீரோவுக்குள்ள கெடந்தா என்ன? கடைசி வெள்ளி வாரேன்" என்றார். கிளம்பும் முன் அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைசி வெள்ளிக்கு முந்தைய நாள். பள்ளி விட்டு ஆட்டோவில் வரும் வழியில் பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழாக் கூட்டம் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. அழகுராஜா எஞ்சினை அணைத்தான்.

"செத்த பொறுங்க டீச்சரம்மா, ஏலம் ஓடுது."

அம்மன் காலடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் ஏலத்தில் நின்றது. அதே பழத்தைக் கொஞ்சம் முன்னால் கீழே விழுந்து கும்பிட்ட பெரிய மனிதர்கள், இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." சம்பந்திகள் இருவர் முறைத்துக்கொண்டார்கள். மூணாந்தரம் முடிந்ததும் ஜெயித்தவர் பழத்தைத் துண்டில் முடிந்துகொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று வீட்டைப் பார்த்து ஓடினார்.

டீச்சர் ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து நின்று கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"அண்ணே! சாமிகிட்ட வச்சதை அவர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோறாரே, அது எப்படி?"

"ஏலத்துல எடுத்தா அது நம்ம பொருளு டீச்சரம்மா. சாமியே குடுத்த மாதிரி. எடுக்காம விட்டாத்தான் குத்தம்."

"உங்க ஊருல ஏலம் விடுறது யாரு?"

அழகுராஜா காலரைச் சரிசெய்தான். "ஏன், நம்மதேன்."

மறுநாள், ஆடி கடைசி வெள்ளி. உக்கிரபாண்டி சார் பீரோவைத் திறந்து, தட்டுகளைத் துடைத்து, வரவேற்புக்குத் தயாராக வைத்துவிட்டு வகுப்புக்கு வந்தார். உள்ளே பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அழகுராஜா தோளில் துண்டோடு ஆட்டோ சீட்டின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். கீழே டீச்சர், முகமெல்லாம் சிவப்பாக.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! சாமி பொருளு ஏலத்துக்கு வந்திருக்கு. காசு செல்லாது. எடுத்துட்டுப் போயி என்ன செய்வீகன்னு சொல்லணும். நல்லாச் சொல்றவுகளுக்குத்தேன் பொருளு. படிச்சு முடிச்சுக் கொண்டாந்தா மறு ஏலத்துக்கு உரிமை உண்டு. மொதப் பொருளு... குதிக்கப்போற முயலு!" என்று கூவினான் அழகுராஜா.

முனீஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். சாமி குத்தம் ஒரு பக்கம். அடுத்தவள் எடுத்துவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். மேலச்சோணைபட்டியில் இரண்டாவது பயம் எப்போதும் பெரியது.

"நான் எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவேன்!"

"அம்மாவுக்கு! ஒரு தரம்..."

"நான் எங்கம்மா, சித்தி, அத்தை மூணு பேருக்கும்!" என்றாள் பின்னாலிருந்து அன்னக்கொடி.

"ஏய், உங்க அத்தையும் சித்தியும் பேசிக்கிறதே இல்லையே!" என்றாள் முனீஸ்வரி.

"அதுனால ரெண்டு தடவ படிப்பேன்!"

"ரெண்டு தரம்..."

"நான் ஊர் மந்தையில நின்னு மைக்குல படிப்பேன்!" முனீஸ்வரி கத்தினாள்.

"மைக்கா! மாப்ள, மைக்குக்கு மேல எவனாச்சும் உண்டா? மூணு தரம்!"

முயல் முனீஸ்வரி கைக்குப் போனது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கும்பிடக்கூட மறந்து, அங்கேயே பிரித்தாள். "டீச்சர்! குதிச்சிருச்சு! ரெண்டாம் பக்கத்துலயே குதிச்சிருச்சு!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. "நான் மாடு மேய்க்கையில படிப்பேன்", "நான் எங்கப்பா குடிச்சுட்டு வந்தா எதுக்க உக்காந்து படிப்பேன்", "நான் நடிச்சே காட்டுவேன்" என்று ஏலக் கேள்வி பறந்தது. களை எடுத்த பெண்கள் ஜன்னலில் தொங்கினார்கள். பாண்டியம்மாள் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்றைக் கேட்டு, "செஞ்சே போடுறேன்" என்றதும் எதிர்க்கேள்வியே இல்லாமல் முடிந்தது. கயிற்றில் கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. டீச்சர் ஒரு கையால் சிரிப்பை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கு எந்தக் கை என்று தெரியாமல் நின்றார்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: நிலாவுக்குப் போன எருமை.

"எங்க வீட்டு எருமைக்கே படிச்சுக் காட்டுவேன்!" என்றான் மொட்டைத்தலை விருமாண்டி. வகுப்பு அசந்துபோனது. சம்பந்தப்பட்ட கட்சிக்கே நேரில் வாசிப்பதற்கு மேல் என்ன இருக்க முடியும்?

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"நான் பிரேயர்ல படிக்கிறேன்!"

எல்லோரும் திரும்பினார்கள். உக்கிரபாண்டி சார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்க்க நுனிக்காலில் நின்றார். சொன்னது தான்தானா என்று அவருக்கே திகைப்பு.

"சார், நீங்க..." என்றார் டீச்சர்.

"ஸ்டாக்கு சரிபார்க்கத்தான்" என்றார் சார்.

"அதெல்லாம் செல்லாது சார், எருமைக்குத்தான் உரிமை!" என்று விருமாண்டி மல்லுக்கு நின்றான்.

"எருமை மாதிரி கத்திக்கிட்டே படிக்கிறேன்டா!"

"எங்க, கத்துங்க?"

சார் சுற்றும் பார்த்தார். தணிக்கைக்காரர் யாரும் தென்படவில்லை. கழுத்தை நீட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு "ம்ம்ம்மா" விட்டார். களத்து மேட்டில் கட்டியிருந்த எருமை ஒன்று உடனே பதில் கொடுத்தது.

"மூணு தரம்!" என்று கூவிய அழகுராஜா ஸ்பிரிங் இருந்த ஓரத்தில் கால் வைத்துவிட்டுக் கீழே குதித்தான். பாண்டியம்மாள் குலவை போட வாயைக் குவித்தாள். டீச்சர் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினார்.

திங்கட்கிழமை காலை பிரேயர் தொடங்கும் முன், உக்கிரபாண்டி சார் பின்பக்கமாக வந்து வகுப்பு ஜன்னலைத் தட்டினார். புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"டீச்சர்... பசை இருக்குமா?"

"எதுக்கு சார்?"

"எருமை நிலாவுல எறங்குற இடம். வீட்டுல எல்லாரும் ஒண்ணா எட்டிப் பாத்தாக. ஆளுக்கொரு பக்கமா இழுத்ததுல..." நீட்டினார். தாள் பாதிக்குக் கிழிந்து, நிலா ஒரு பக்கமும் எருமை ஒரு பக்கமுமாகப் பிரிந்திருந்தது.

டீச்சர் முகத்தை ரொம்பக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். "ஒரு தாள் கிழிஞ்சாலும் அம்புட்டும் பீரோவுக்குன்னு சொன்னீங்களே சார்?"

"அது படிக்காமக் கிழிஞ்சாத்தான் டீச்சர்!" சாருக்குக் கோபமே வந்துவிட்டது. "படிக்கிற புத்தகம் கிழியாம என்ன செய்யும்? நீங்கதான ஒட்டிக்கலாம்னு சொன்னீக?"

ஆட்டோ சீட்டில் மூன்று பேரோடு நெருக்கியடித்துப் படித்துக்கொண்டிருந்த முனீஸ்வரி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "பசை விருமாண்டிகிட்ட இருக்கு சார். அவனுக்கு முன்னாடி நாலு பேரு ஒட்ட நிக்கிறாங்க. லைன்ல வாங்க."

உக்கிரபாண்டி சார் செருப்போடு உள்ளே வந்து வரிசையில் நின்றார்.